கருமத்தம்பட்டி டாக்டரிடம் யாரும் சொல்லாதது

டாக்டர் அழகிரிசாமி 1992 நவம்பர் 20, வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி சுமாருக்குத் தம்முடைய கிளினிக்கில் பதினேழாம் டோக்கனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இறந்துபோனார். இறந்ததும் மருந்துச்சீட்டை எழுதி முடித்து, பதினெட்டாம் டோக்கனை வரச் சொன்னார்.

பதினேழாம் டோக்கன் விசைத்தறிக்காரர் சென்னிமலை. பஞ்சுத்தூசியில் இருமல் வந்து, நெஞ்சைக் காட்ட வந்திருந்தார். "மூச்ச நல்லா இழுத்து உடுங்க" என்றார் டாக்டர். சென்னிமலை இழுத்தார், விட்டார். டாக்டர் இழுத்தார், விடவில்லை. முதுகில் இருந்த கை சட்டென்று சில்லிட்டதைச் சென்னிமலைதான் முதலில் உணர்ந்தார். வெளியே வந்து கம்பவுண்டர் கண்ணையாவின் காதில் சொன்னார். கண்ணையா பக்கத்து அறைக்கு ஓடி, பெண்களைப் பார்க்கிற டாக்டர் வரலட்சுமியிடம் சொன்னார். வரலட்சுமி, டாக்டரின் மனைவி. ஏதோ பேனா எடுக்க வந்தவரைப் போல வந்து கணவரின் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி இல்லை. "என்ன அம்மணி?" என்று டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டு போனார்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் சுலபமாகக் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்த கடன்காரனைக்கூட முதலில் தண்ணீர் கொடுத்து, மழை பெய்ததா என்று விசாரித்துவிட்டுத்தான் இல்லையென்று சொல்வோம். ஒரு மனுஷனைப் பார்த்து, அதுவும் டாக்டரைப் பார்த்து, நீங்கள் செத்துவிட்டீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? "மூஞ்சிக்கு நேரா எப்படீங்க சொல்றது?" என்றார் சென்னிமலை. கார்த்திகை தீபம் போகட்டும் என்றார்கள். பிறகு தைப்பொங்கல் போகட்டும் என்றார்கள். மாரியம்மன் கோயில் நோம்பி வந்தது, அதுவும் போனது. ஒவ்வொருவரும் இன்னொருவர் சொல்லிவிடுவார் என்றிருந்தார்கள். அந்த மரியாதையிலேயே ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

அந்த ஐந்து வருஷமும் டாக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. சாயங்காலம் விளக்கை அணைத்தால் அப்படியே கண்ணை மூடிச் சாய்ந்துவிடுவார். காலையில் கண்ணையா சுவிட்சைப் போட்டதும் கண் திறந்து, "கரண்டு வந்துருச்சுங்களா?" என்று கேட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அவர் எதிரே சுவரில் இருந்த தினசரி காலண்டரை யாரும் கிழிக்கவில்லை. சீட்டில் அவர் எழுதுகிற 20.11.92 என்ற தேதியைக் கண்ணையா வெளியே வைத்துத் திருத்திக் கொடுப்பார். வைத்தியத்தில் குறை சொல்ல முடியாது. காய்ச்சல்காரப் பிள்ளைகள் அந்தக் கையை நெற்றியில் வைத்தவுடன் அழுகையை நிறுத்தின. தம்முடைய இதயத்தின் சத்தம் குறுக்கே வராததால் அடுத்தவர் இதயத்தை அவர் துல்லியமாகக் கேட்டார். கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லையென்று அனுப்பிய ஒரு குழந்தைக்கு நெஞ்சில் குண்டூசி முனையளவு ஓட்டை இருப்பதைக் காது வைத்தே சொன்னார். பல்லடம், சோமனூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

வரலட்சுமியின் பாடுதான் யாருக்கும் தெரியாத பாடு. பொட்டை அழிக்கவில்லை, பூவை எடுக்கவில்லை, காரியம் எதுவும் செய்யவில்லை. செய்தால் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் போய்விடுவார். அந்தப் பயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் தன் கையாலேயே விளக்கை அணைத்துவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போவார். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அழுதால் முகம் வீங்கும், காலையில் அவர் காரணம் கேட்பார். புருஷனைப் பறிகொடுத்தும் அழ முடியாத பொம்பளையை ஊர் அதுவரை பார்த்ததில்லை.

1997 ஆவணியில், தனியார் கிளினிக்குகளையெல்லாம் சோதிக்க வேண்டுமென்று உத்தரவு வந்து, கோயமுத்தூரிலிருந்து ஆய்வு அதிகாரி பாலகோபால் வந்தார். கையில் நாற்பத்தேழு கேள்விகள் கொண்ட படிவம். ஒன்றில் தவறினாலும் பூட்டிவிடுவார் என்று பேர் வாங்கியவர். ஊசிகளைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் பக்கத்தில் கடிகாரத்தோடு இருபது நிமிஷம் நின்றார். தடுப்பூசிப் பெட்டியின் குளிர்ச்சியை அளந்தார். தீயணைக்கும் மணல் வாளியில் கையை விட்டுப் பார்த்தார். எல்லோர் உள்ளங்கையிலும் பஞ்சுக் குச்சியால் தடவிப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார். (அதன் முடிவு பிறகு வந்தது: கண்ணையாவின் கையில் நான்கு வகைக் கிருமி, வரலட்சுமியின் கையில் இரண்டு, டாக்டரின் கையில் ஒன்றுமே முளைக்கவில்லை.) முப்பத்தோராம் கேள்வி, மருத்துவரின் உடல்நிலை. டாக்டரின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். ஒரு சத்தமும் கேட்கவில்லை. மறுபடி அடித்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்து வரலட்சுமியைப் பார்த்தார். வரலட்சுமி அவரை வெளியே கூப்பிட்டுப் போனார்.

"சார், நாங்க யாரும் இன்னும் அவருகிட்டச் சொல்லலீங்க."

"எத்தன நாளாச்சுங்கம்மா?"

"அஞ்சு வருஷமுங்க. சமயம் வாய்க்கலீங்க."

வேறு ஊர் அதிகாரியாக இருந்தால் கத்தியிருப்பார். பாலகோபாலுக்கும் இதே மண்தான். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கேள்விய மட்டும் உட்டுர்றேனுங்கம்மா. நானும் ஏனுங்க சொல்லிக்கிட்டு" என்றார். வரலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டார். மீதி பதினாறு கேள்விகளை முடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் பாலகோபால் உள்ளே திரும்பினார்.

முப்பத்தெட்டாம் கேள்வி, காலாவதியான மருந்துகள். அலமாரியைக் கண்ணையா மாதாமாதம் சுத்தம் செய்து வைத்திருந்தார். ஆனால் டாக்டரின் மேசை இழுப்பறையை யாரும் திறப்பதில்லை. ஊசி போட்டவுடன் ஒவ்வாமல் மூச்சுத் திணறினால் உயிரைப் பிடித்து நிறுத்தப் போடுகிற மருந்துக் குப்பிகள் இரண்டு அதற்குள் இருந்தன. 1994 அக்டோபரோடு காலாவதி. பாலகோபால் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து காப்பித்தண்ணி நிறத்தில் இருந்தது.

"டாக்டருங்க, இதோட தேதி கொஞ்சம்..." என்று இழுத்தார்.

டாக்டர் வாங்கிப் படித்தார். காலண்டரைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வருஷம் இருக்குதுங்களே" என்று குப்பியைத் திரும்ப மேசை இழுப்பறையில் வைத்தார்.

வாசலில் ஒரு தாய் மூன்று வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த டோக்கனாக நின்றிருந்தாள். பிள்ளைக்கு ஊசி போட வேண்டியிருக்கும் என்பது அதன் மூச்சிரைப்பிலேயே தெரிந்தது. வரலட்சுமி அந்தப் பிள்ளையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். ஐந்து வருஷமாகப் பொத்தி வைத்தது ஒரு பக்கம், இந்தப் பிள்ளை ஒரு பக்கம். அவரும் டாக்டர்தானே, பாவி மகள் என்ன செய்வார்? மேசைக்குக் கிட்டே வந்தார்.

"ஏனுங்க, அந்தக் குப்பி கெட்டுப்போச்சுங்க. இது தொண்ணூத்தியேழுங்க. நீங்க போயி அஞ்சு வருஷமாச்சுங்க."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். திறக்கும்போது நாற்காலி காலியாக இருக்கும் என்று நினைத்தார். திறந்தபோது டாக்டர் குப்பிகளை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"செத்தது எனக்குத் தெரியும் அம்மணி" என்றார் டாக்டர். "நீ பேனா எடுத்துட்டுப் போனதுமே நானும் நாடி பாத்துக்கிட்டேன். நானாச் சொன்னா நீங்க எல்லாம் சங்கடப்படுவீங்கன்னு பேசாம இருந்துபோட்டேன். வெளிய உக்காந்திருக்கறவங்கள முடிச்சுட்டுப் போயிர்லாம்னு பாத்தேன். டோக்கன் தீரவே மாட்டீங்குது. கரண்டு வேற போயிப் போயி வருது. ஆனா அஞ்சு வருஷம்னு சத்தியமாத் தெரியல." மனைவியின் முகத்தைப் பார்த்தார். "அஞ்சு வருஷமா நீ அழுவவே இல்லியா?"

அவ்வளவுதான். வரலட்சுமி மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதார். அந்த அழுகை அவினாசி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குக் கேட்டது. பக்கத்துத் தறிகளை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். கண்ணையா அழுதார், சென்னிமலை அழுதார், சும்மா கூட வந்த அதிகாரியின் ஜீப் டிரைவரும் அழுதார். ஐந்து வருஷத்து இழவு ஒரே மத்தியானத்தில் நடந்தது. இழவுக்கு உரியவரே தலைமாட்டில் உட்கார்ந்து மனைவியின் தலையைத் தடவிக்கொடுத்தார். சில்லென்ற கை அப்போது வரலட்சுமிக்கு இதமாக இருந்தது. அழுது ஓய்ந்ததும் டாக்டர் உட்கார்ந்தபடியே பேசின் தண்ணீரில் கைகழுவிவிட்டு, கண்ணையாவைப் புது மருந்து எடுத்துவரச் சொல்லி, அந்தப் பிள்ளையை உள்ளே கூப்பிட்டார். சீட்டில் 19.8.97 என்று எழுதினார்.

போய்விடுவாரோ என்று ஊர் அன்று சாயங்காலம் வரை காத்திருந்தது. கடைசி டோக்கன் முடிந்தபோது மணி ஏழரை. வரலட்சுமி பழக்கத்தில் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார். "இரு அம்மணி, நான் எந்திரிச்சுக்கறேன்" என்று டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். முழங்கால் மடக்கென்றது. "நாளைக்கும் இத்தன பேரு வருவாங்களா?" என்று கேட்டார். வருவார்கள் என்றார் வரலட்சுமி. "அப்ப எப்படிப் போறது? வா, ஊட்டுக்குப் போலாம்" என்றார். இரண்டு பேரும் கடைவீதி வழியாக நடந்தே போனார்கள். எதிரில் வந்தவர்கள், "இப்பத்தான் முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு காலண்டரை டாக்டரே தினமும் காலையில் கிழிக்கிறார். பாலகோபால் மறு வருஷமும் ஆய்வுக்கு வந்தார். பாத்திரத்தின் பக்கத்தில் இருபது நிமிஷம் நின்றார், மேசை இழுப்பறையைத் திறந்து குப்பிகளின் தேதியைப் படித்தார், டாக்டரின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். முப்பத்தோராம் கேள்விக்கு நேரே, மருத்துவரின் உடல்நிலை முன்போலவே உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.