சரியாகவே வந்துகொண்டிருந்தது

அறுபதாவது முறையும் சரியாகவே வந்தது. கன்னியம்மா, மதுராந்தகம், சர்க்கரை 118. ப்ரோக்ராமர் ஜெசிந்தா ரிப்போர்ட் பொத்தானை மறுபடி அழுத்தினாள். மறுபடி 118. செவ்வாய்க்கிழமை காலை செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இதே ப்ரோக்ராம்தான் 342 என்று அச்சடித்துக் கொடுத்திருந்தது. மாத்திரையைக் கூட்டிச் சாப்பிட்ட கன்னியம்மா மயங்கி விழுந்துவிட்டார். அளவுகளைக் கணினியில் ஏற்றும் சிநேகா தப்பாக அடித்துவிட்டு, மாட்டிக்கொண்டதும் திருத்திவிட்டாள் என்பது அந்த நிலையத்து முதலாளியின் முடிவு. ப்ரோக்ராமில் பிழை இல்லை என்று நான்கு மணிக்குள் கடிதம் போனால் சிநேகாவுக்கு வேலை இல்லை. டீம் லீட் பிரபாவதி கடிதத்தை எழுதிவிட்டார். ஜெசிந்தா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

மதியம் சிநேகா போனில் அழவில்லை. "அக்கா, நான் நூத்திப் பதினெட்டுன்னுதான் அடிச்சேன். ஆனா ஆளாளுக்கு கேக்கக் கேக்க எனக்கே டவுட்டா கீது" என்றாள்.

ஜெசிந்தாவுக்கும் அப்படித்தான் இருந்தது. ஜூன் மாதம் அந்த நிலையத்தின் நான்கு கவுண்டரிலும் கூட்டம் நெரிந்தபோது, டேட்டாபேஸ் அதற்கு மேல் கனெக்ஷன் தர மறுத்து எல்லாம் நின்றுபோனது. ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு த்ரெட்டும், அதாவது ஒவ்வொரு கவுண்டரின் வேலையும், தனித்தனியாகக் கனெக்ஷன் திறப்பதை நிறுத்தி, எல்லாவற்றுக்கும் ஒன்றையே பொதுவாக வைத்தவள் இவள்தான். நெரிசல் தீர்ந்தது. மீட்டிங்கில் கைதட்டினார்கள். இப்போது அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் சரி.

பக்கத்து சீட் பெஞ்சமின் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னா ஜெசி, காலைலேந்து நீ ஒண்டியாவே அமுத்திகினு கீற? அங்க நாலு பேரு ஒண்ணா அமுத்துவாங்கல்ல?"

சிறுசேரியில் இந்த அலுவலகத்தில் அப்படி யாரும் சோதித்ததில்லை. ஒருவர் உட்கார்ந்து, பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்து அனுப்புவதுதான் வழக்கம். இருவரும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி அழுத்தினார்கள். அவனுக்கு அதே செவ்வாய்க்கிழமை காலை 342 இருந்த வேறொரு நோயாளி, இவளுக்குக் கன்னியம்மா. பதினோராவது தடவை இவள் திரையில் கன்னியம்மாவின் பெயருக்குக் கீழே 342 இருந்தது. என்ன பார்க்கிறோம் என்று புரிவதற்குள் பழக்கத்தில் அவள் விரல் மறுபடி அழுத்திவிட்டது. 118.

அதன்பின் முப்பது தடவை அழுத்தியும் மாறவில்லை. "நான் பாத்தேன்ல?" என்றான் பெஞ்சமின், அவளிடம் கேட்பதுபோல. அவளும் பார்த்தாள். பார்த்தாளா? ஆதாரம் எதுவும் கையில் இல்லை. மணி மூன்று ஐம்பது.

அவள் எழுந்து வரிசையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். விவரம் சொல்ல வரவில்லை; இந்தப் பக்கத்தைத் திறங்கள் என்று மட்டும் சொன்னாள். கடிதத்தோடு வந்த பிரபாவதி என்ன நடக்கிறது என்று கேட்டார். ஜெசிந்தா ஒரு லேப்டாப்பை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் நின்றவாக்கில் கடிதத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். ஏழு விரல்கள் ஏழு பொத்தான்களின் மேல் காத்திருந்தன. பெஞ்சமின் எண்ண ஆரம்பித்தான்.