பேர் அழித்த தட்டு

நம் ஊர் ஜனங்கள் பேர் போடாமல் ஒரு கரண்டியைக்கூடத் தானம் செய்ய மாட்டார்கள். கடத்தூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் எனக்கு இது நன்றாகத் தெரியும். கோயில் ட்யூப்லைட்டைப் பாருங்கள். உபயதாரர் பேர், அவர் அப்பா பேர், தெருப் பேர் எல்லாம் எழுதியது போக, வெளிச்சம் வரக் கொஞ்சூண்டு இடம்தான் மிச்சம். பாத்திரங்களில் இந்தப் பேர்களை வெட்டி வெட்டியே என் கண் பாதி போய்விட்டது.

எங்கள் ஊர்ப் பெண் கேத்தரின், இப்போது சிஸ்டர் கேத்தரின், டான்சானியாவில் ஓர் அநாதை இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறாள். நாற்பது குழந்தைகளும் உடைந்த பிளாஸ்டிக் தட்டில் சாப்பிடுவதாக அவள் கடிதம் எழுத, பங்குச் சாமியார் அதைச் சர்ச் பூசையில் படித்தார். எலெக்ட்ரீஷியன் ஆரோக்கிய பிரவீன் உடனே எழுந்து, மூன்று மாதம் அங்கே போய்ச் சம்பளமில்லாமல் ஒயரிங் செய்து தருகிறேன் என்றான். அவனிடமே நாற்பது எவர்சில்வர் தட்டு கொடுத்தனுப்ப முடிவானது. விஷயம் பரவி, கோயில் சர்ச் பேதமில்லாமல் என் கடையில் கூட்டம் நெரிந்தது. விமானத்தில் இவ்வளவு எடைதான் விடுவார்கள் என்று பிரவீன் தலையிலடித்துக்கொண்டான்.

எடையாவது பரவாயில்லை, எனக்குப் பேர்தான் தலைவலி. சசிகலா டீச்சர், எம்.ஏ., பி.எட். போடாவிட்டால் தட்டே வேண்டாம் என்றார். கோவிந்தன் போன் நம்பரையும் வெட்டச் சொன்னான்.

"அந்தக் கொழந்தைங்க உனக்குப் போன் பண்ணுமாடா?"

"பண்ணுனா பேசறேன். உனக்கென்னா?"

எல்லாரும் போனபின் ஞானமேரி அண்ணி வந்தார். கேத்தரினைப் பெற்றவர்.

"தீர்த்தகிரி, இந்தத் தட்டுல அவரு பேரைப் போடுப்பா. அவரு காதுக்கு மட்டும் போவக்கூடாது."

அவர் என்றால் வியாகுலம் அண்ணன், ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை பார்த்து, மண்டபம் பேசி, பத்திரிகையும் அடித்த பிறகு, மடத்தில் சேரப்போகிறேன் என்று மகள் மொரப்பூரில் ரயிலேறிவிட்டாள். தான் போல்ட் முடுக்கிய தண்டவாளத்திலேயே அவள் போனதுதான் அவருக்கு ஆறவே இல்லை. பன்னிரண்டு வருஷமாக மகளோடு ஒரு வார்த்தை கிடையாது. அவள் போனில் வந்தால், மாட்டைப் பிடித்துக் கட்டணும் என்று எழுந்து போய்விடுவார். அவர் வீட்டில் மாடே கிடையாது.

"அப்பா ஒரு தட்டாச்சும் குடுத்தாருன்னு நெனச்சி, அவ ஒரு வாய் நிம்மதியா சாப்புடட்டும்பா," என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வழக்கத்தைவிட ஆழமாகவே வெட்டினேன்.

மறுநாள் காலை நான் கடை திறப்பதற்குள் வியாகுலம் அண்ணன் வாசலில் நின்றார். எவனோ வத்தி வைத்துவிட்டான்.

"யாரைக் கேட்டு என் பேரைப் போட்ட?"

"அண்ணி சொன்னாங்கண்ணா."

"அழி."

"இது என்னா சிலேட்டாங்கண்ணா, எச்சி தொட்டு அழிக்க?"

"அழிக்கறியா, இல்ல கடை முன்னால உக்காந்துக்கட்டுமா?"

உட்காரக்கூடியவர்தான். மூட்டையைப் பிரித்துத் தட்டை எடுத்துப் பாலிஷ் சக்கரத்தில் தேய்த்தேன். நான் வெட்டிய எழுத்து லேசில் போகுமா? கடைசியில் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி வைத்தேன். அவர் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். திருப்தியாகித் தட்டைத் திரும்ப மூட்டையிலேயே வைத்தார்.

"பேரு வேணாம், தட்டு மட்டும் போவணுமாங்கண்ணா?"

"ஒரு கொழந்த தட்டில்லாம உக்காருமில்ல!" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார்.

அண்ணியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பிரவீன் விமானம் ஏறிவிட்டான்.

பத்து நாள் கழித்து அவன் வீடியோ காலில் வந்தான். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவரவர் தட்டைப் பார்க்க உபயதாரர்கள் எல்லாரும் என் கடையில் முண்டியடித்தார்கள். வியாகுலம் அண்ணன் மட்டும் வாசலில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வராத பஸ்ஸைப் பார்த்து நின்றார்.

பிரவீன் ஒவ்வொரு தட்டாகக் காட்டினான். "கொஞ்சம் திருப்பச் சொல்லுப்பா, கடைசி நம்பரு சோத்துல மறையுது," என்றான் கோவிந்தன். ஞானமேரி அண்ணி எல்லாத் தட்டையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவரு பேரு எங்கப்பா?"

நான் அண்டாவுக்குப் பின்னால் ஏதோ தேடப் போனேன். அதற்குள் போனில் கேத்தரின் குரல் கேட்டது.

"தீர்த்தகிரி சித்தப்பா, ஒரு தட்டுல மட்டும் பேரை அழிச்சிருக்கு. மத்தவங்க எல்லாம் பேரு போடச் சொல்லிச் சண்ட போட்டிருப்பாங்க. கடைக்கே வந்து நின்னு அழிக்கச் சொல்ற ஆளு உலகத்துல ஒருத்தருதான்."

கோவிந்தன் எட்டிப் போன் சத்தத்தைக் கூட்டினான். அவளே தொடர்ந்தாள்.

"எங்கப்பா தட்டு நல்லாருக்கு. இங்க வீம்பு புடிச்ச பையன் ஒருத்தன் இருக்கான், அவனுக்குத்தான் குடுத்திருக்கேன். அவன் சாப்புட்டதும் கழுவி அதுலதான் தெனமும் நான் சாப்புடறேன்."

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். வாசலில் இருந்த முதுகு திரும்பியது. அவர் நேரே என்னிடம் வந்தார்.

"ஏப்பா, அழிக்கச் சொன்னா, அழிச்சது தெரியற மாதிரியா அழிப்ப?" என்று கத்தினார். கத்தும்போதே கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"அப்பா!" என்றது போன்.

"மாட்டைக் கட்டப் போவலயா?" என்றார் அண்ணி.

அவர் போனை வாங்கினார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் வார்த்தைக்காக நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.

"அந்தப் பையனுக்கு வேற தட்டு அனுப்பறேன்," என்றார். "நீ காத்திருக்காம அதுல சாப்புடு."

போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, அலமாரியில் இருந்து ஒரு தட்டை அவரே எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பேரு போடட்டுங்களாண்ணா?"

"போடு."

"என்னான்னு?"

தட்டைத் தோள் துண்டால் துடைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"கேத்தரின் அப்பான்னு போடு. நல்லா ஆழமாப் போடு."