செல்வா கட்டிய வரி

ஏழாம் தேதி காலை பத்து மணிக்குச் சம்பளம் விழும். மலேசியாவில் கோலசிலாங்கூரை அடுத்த அந்தச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தின் அலுவலக வாசலில், குலை வெட்டும் ஆட்கள் கைப்பேசியோடு நிற்பார்கள். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததும், தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த பதினொரு பேரும் முதலில் செய்கிற காரியம் ஒன்றுதான். ஆளுக்கு நூற்றைம்பது மலேசிய வெள்ளியை, தங்களை வேலைக்குக் கொண்டுவந்த ஏஜெண்டு இராமையாவின் இ-வாலட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது வருமான வரி என்று இராமையா சொல்லியிருந்தார். கட்டாவிட்டால் வேலை பெர்மிட் புதுப்பிக்க முடியாது என்றும் சொல்லியிருந்தார்.

மற்றவர்கள் கலைந்துபோன பிறகும் செல்வா மட்டும் தோட்டக் கணக்கரான கிராணி புனிதனின் சன்னலோரம் நிற்பான்.

"அண்ணே, நான் கட்டுற வரி எங்கண்ணே போவுது?"

"கவர்மெண்டுக்குத்தான் லா. வேற எங்க போவும்?"

"அங்க என் பேரு எழுதி வச்சிருப்பாங்களா?"

புனிதன் சிரித்தார். இப்படி ஒரு கேள்வியை இருபது வருடக் கிராணி உத்தியோகத்தில் அவர் கேட்டதில்லை.

"எங்க வம்சத்துலயே இன்கம்டாக்ஸ் கட்டுன மொத ஆளு நான்தாண்ணே. அந்தப் பேர ஒருவாட்டி பாக்கணும். எனக்கு மலாய் வராது. நீங்க கூட வந்தீங்கன்னா ஆபீஸ்லயே போய்க் கேட்டுடலாம்."

மூன்று மாதம் விடாமல் கேட்டான். நான்காவது மாதம் புனிதன் ஒப்புக்கொண்டார். அதற்கு அவர் மனத்துக்குள்ளும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு எட்டாம் தேதியும் இராமையாவிடமிருந்து அவர் வாலட்டுக்கு இருநூற்றிருபது வெள்ளி வரும். குறிப்பில் காப்பிக் காசு என்பதுபோல் 'கோப்பி' என்று மட்டும் இருக்கும். எதற்கு என்று அவர் கேட்டதில்லை. செல்வாவின் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதில், அது அவரையும் அரிக்கத் தொடங்கியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு, புனிதனின் காரில் கிள்ளான் வரி அலுவலகத்துக்குப் போனார்கள். முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண் அதிகாரி செல்வாவின் பாஸ்போர்ட்டை வாங்கி, அந்தக் கடப்பிதழ் எண்ணைத் தட்டிப் பார்த்தார். சம்பளம் எவ்வளவு, வந்து எத்தனை மாதம், வரியை எப்படிக் கட்டுகிறார் என்று விசாரித்தார். பிறகு புனிதனைப் பார்த்து மலாயில் நிதானமாக விளக்கினார்.

இந்தப் பெயரில் வரிக் கோப்பே கிடையாது. ஒரு காசும் கட்டப்படவில்லை. கட்ட வேண்டியதும் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கிவிட்ட இவருக்கு உள்ளூர்க்காரருக்கு உள்ள கணக்குதான். இரண்டாயிரத்து இருநூறு வெள்ளிச் சம்பளத்துக்கு வரி வராது. அதோடு, வரிப்பணம் எவருடைய சொந்த வாலட்டுக்கும் போகாது.

"என்னண்ணே சொல்றாங்க? பேரு இருக்காமா?"

புனிதன் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தார். பதினொரு பேர், தலைக்கு இருபது வெள்ளி, தமக்கு வரும் அந்த இருநூற்றிருபது. கணக்கு அவருக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது.

"இருக்குப்பா. எல்லாம் சரியா இருக்காம்" என்றார்.

செல்வாவின் முகம் மலர்ந்தது. அந்த அதிகாரியைப் பார்த்துக் கை கூப்பினான். தமக்குத் தெரியாத மொழியில் என்ன சொல்லப்பட்டது என்று அறியாத அவர், குழப்பத்தோடு தலையசைத்தார்.

திரும்பும் வழியில் செல்வா ஊருக்குப் போன் போட்டான். "ஆமாம் புள்ள, கம்ப்யூட்டர்லயே பேரு இருக்காம். கிராணி அண்ணன் கண்ணால பாத்தாரு" என்று மனைவியிடம் சொன்னான். வழியிலுள்ள காப்பார் ஊர் வரைக்கும் புனிதனால் தாங்க முடிந்தது. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை ஓரம் காரை நிறுத்தினார்.

"செல்வா, நான் பொய் சொல்லிட்டேன். உன் பேரு அங்க இல்ல. நீ வரியே கட்ட வேணாம்னுதான் அந்தம்மா சொன்னாங்க."

தம் கைப்பேசியைத் திறந்து, இராமையா மாதாமாதம் அனுப்பிய பணத்தின் பதிவுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். செல்வா கத்துவான் என்று எதிர்பார்த்தார். அவன் திரையில் இருந்த தேதிகளை விரலால் தள்ளித் தள்ளிப் படித்தான்.

"இது எதுக்குன்னு நீங்க அவருகிட்ட கேக்கலியா?"

"கேக்கல."

"ஏண்ணே?"

 கேட்டிருந்தால் அந்தப் பணத்தை வாங்கியிருக்க முடியாது என்பது புனிதனுக்கு உள்ளூரத் தெரிந்தே இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

காரைத் திருப்பினார். அலுவலகம் மூடுவதற்குள் அதே பெண் அதிகாரியிடம் போய் முழுதையும் சொன்னார். எங்கே, எப்படிப் புகார் கொடுக்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். மறுநாள் தோட்ட நிர்வாகியின் மேசையில் பதினொரு கைப்பேசிகள் வரிசையாகக் கிடந்தன. "அது வரி இல்ல லா, சர்விஸ் சார்ஜ்" என்று இராமையா மழுப்பிப் பார்த்தார். மாதாமாதம் பணம் போன தேதி, தொகை எல்லாம் திரையிலேயே இருந்தன. போலீஸ் விசாரணை வந்தது. இராமையா மூன்று தவணையில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். தோட்டத்துக்கு ஆள் கொண்டுவரும் உரிமத்தையும் இழந்தார்.

புனிதன் தாம் வாங்கியதைத் தாமாகவே திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் கிராணி நாற்காலி போயிற்று. குலை லோரிகளை நிறுக்கும் மேடைக்கு அவரை மாற்றினார்கள். சம்பளமும் குறைந்தது.

அடுத்த மாதம் சம்பள நாளில், நிறுவை மேடையிலிருந்து இறங்கி வந்து பதினொரு பேர் முன்னால் நின்றார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செல்வா திருப்பவில்லை.

"மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்" என்றார் புனிதன். "இன்னொண்ணும் சொல்லணும். ஒருத்தன் உங்ககிட்ட காசு கேட்டா, எதுக்குன்னு கேளுங்க, ரசீது கேளுங்க. பயப்படாதீங்க, அது உங்க உரிமை. அதே மாதிரி ஒருத்தன் சும்மா காசு குடுத்தாலும் எதுக்குன்னு கேளுங்க. மொத கேள்விய செல்வா கேட்டான். ரெண்டாவது கேள்விய நான் கேட்டிருக்கணும்."