இளவரசியின் சிரிப்புக்கு இரண்டு விளக்கங்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது தில்லியில், ஓர் உளவியல் கருத்தரங்கின் சாப்பாட்டு வரிசையில். பேராசிரியர் பத்மநாபன் இதை ஒரு துணுக்காகச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மனைவி வத்சலா சிரிக்கவில்லை. மீதியை அவரிடம் கேட்டு வாங்கினேன்.

வத்சலாவும் உளவியல் பேராசிரியர்தான். கணவரின் கட்சி: கோபம், பயம், துக்கம், மகிழ்ச்சி, அருவருப்பு, வியப்பு என்ற ஆறும் மனிதனோடு பிறந்தவை, முகத்தைப் பார்த்தாலே தெரியும். (நம் பழைய இலக்கணம் எட்டு என்றது. இரண்டு வழியில் தொலைந்திருக்கலாம்.) மனைவியின் கட்சி: அடிப்படை உணர்ச்சி என்று எதுவுமே இல்லை, உடம்பின் சலனத்துக்கு மொழியும் பழக்கமும் சூட்டும் பெயர்தான் உணர்ச்சி. இந்தச் சண்டையால் மனித குலத்துக்கு என்ன கிடைத்ததோ, இருவருக்கும் பதவி உயர்வு கிடைத்தது.

2

தில்லித் தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் இடிக்கப்பட்ட மறுநாள், வானம்கூட அன்று...

வேண்டாம். வானத்துக்கு இங்கே வேலையில்லை. வேலைக்கு வந்தவள் இளவரசி, அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள்.

"வீட்ட இடிச்சிட்டாங்கம்மா," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். (பேராசிரியர்களுக்கு 'என்றார்', இவளுக்கு 'என்றாள்'. கவனித்தேன். மாற்றவில்லை.)

வத்சலா நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"நரேலாவுல ஃபிளாட் குடுத்திருக்காங்க. ரொம்ப தூரம்மா. கவிதா இந்த வருஷம் டென்த். அங்கேருந்து புசா ரோடு ஸ்கூலுக்கு எப்படி வரும்? பரிட்சை முடியிற வரைக்கும் பொண்ணு மட்டும் இங்க தங்கிக்கட்டுமா?" மறுபடியும் அதே சிரிப்பு.

பத்மநாபன் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "பாத்தியா வத்சலா? வாய் மட்டும்தான் சிரிக்குது. கண்ணப் பாரு, சுத்தமான துக்கம்."

"அது நீங்க வைக்கிற பேரு. கேக்கறதுக்குக் கூச்சமா இருக்கலாம் இல்லையா? கூச்சம் உங்க ஆறுல எங்க இருக்கு?"

"அது கலவை."

"அச்சா! இப்ப உணர்ச்சி சாம்பார் பொடி ஆயிடுச்சா?"

தன் பதில் வத்சலாவுக்கே பிடித்துப்போனது. கட்டுரையில் சேர்க்கலாம் என்று தோன்றியது. ஆதாரம் காட்ட ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். கழுவிய பாத்திரங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இளவரசி போயிருந்தாள். அவள் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை.

3

குற்ற உணர்வு அவர் நெஞ்சை...

அடித்துவிட்டேன். "எப்படி இருந்தது?" என்று வத்சலாவிடமே கேட்டேன். "வயித்துல என்னவோ பண்ணுச்சு. பேர் தெரியல," என்றார். அப்போதும் கட்சி மாறவில்லை.

பல நாள் கழித்துத்தான் இளவரசி போனை எடுத்தாள்.

"கவிதாவ உடனே அனுப்பு, இளவரசி."

"அதுக்கு டிசி வாங்கியாச்சும்மா. விழுப்புரத்துல எங்கண்ணன் வீட்டுல உட்டுட்டேன். அங்கியே படிக்கட்டும்."

"எம்மேல கோவமா?"

"பஸ் வந்திருச்சும்மா, வெக்கிறேன்."

4

முடிவுகள் இரண்டு தயாராக இருந்தன. ஒன்றில் கவிதா மாநிலத்தில் முதலாவதாக வருகிறாள். இப்படி எழுதினால் எல்லாருக்கும் தூக்கம் வரும், முக்கியமாகக் குற்றவாளிகளுக்கு. இன்னொன்றில் தம்பதி கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அவர்கள் அழமாட்டார்கள். அழுதால் அது என்னவென்று விவாதிப்பார்கள்.

நடந்தது இது: வத்சலா விழுப்புரத்துக்கு டிக்கெட் எடுத்தார். பத்மநாபன் தம் துணுக்கைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த டிக்கெட் அவர் மனைவியின் கைப்பையில் இருந்தது. அவருக்குத் தெரியாது.

அங்கே போய் என்ன பேசுவார்? ஒரு வாக்கியம் எழுதினேன், பொய்யாக இருந்தது. இன்னொன்று கட்டுரையாக இருந்தது. எனக்கு இதற்கு மேல் வராது. கவிதா கதவைத் திறந்துவிட்டாள், நிற்கிறாள். நீங்கள் பேசுங்கள்.

அவள் முகத்தைப் பற்றி மட்டும் வேண்டாம்.