விருந்தாளி அறைச் சுவர்

என் வீட்டுக்காரர் டெல்பர்ட்டிடம் துப்பாக்கியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. டெக்சாஸில் பிறந்தவனுக்கே பாடம் எடுக்கிறாயா என்று எகிறுவார். அப்படிப்பட்டவரிடம் என் தங்கை கார்லீன் கேட்டுவிட்டாள்.

குடும்பமெல்லாம் கூடும் நன்றி நாள் விருந்துக்கு அவள் மகன் வெஸ்லியோடு ஒக்லஹோமாவிலிருந்து வருவதாக இருந்தாள். நடக்கிற வயதாகியும் அவனை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். புறப்படும் காலையில் போன் செய்தாள்.

"அத்தான், கோவிச்சுக்காதீங்க. கைத்துப்பாக்கி இன்னும் கட்டில் பக்கத்து டிராயர்லதான் கிடக்கா? பூட்டலைன்னா நாங்க வரலை."

போனை வைத்ததும் குதித்தார். "என்னைக் கிறுக்கன்னு நினைச்சாளா? இத்தனை வருஷத்துல ஒரு தடவை தவறி வெடிச்சிருக்கா?"

"பெரிய சூரர்தான், ஒத்துக்கறேன். எனக்குப் புள்ளையப் பாக்கணும். போய் ஒரு பெட்டி வாங்கிட்டு வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே போய், எண் பூட்டு போட்ட இரும்புப் பெட்டி வாங்கி வந்தார். துடைத்துத்தான் உள்ளே வைப்பேன் என்று கட்டிலில் உட்கார்ந்தார். அந்தத் துப்பாக்கியைக் கழற்ற வேண்டுமானால் விசையை ஒரு தடவை அழுத்தியாக வேண்டும். அதற்கு முன் அது காலியாக இருக்க வேண்டும். முதலில் தோட்டா அடுக்கிய மேகசினை உருவ வேண்டும், பிறகுதான் மேல்பகுதியை இழுத்து, குழலில் இருக்கும் தோட்டாவை வெளியே தள்ள வேண்டும். மனுஷர் கார்லீனைத் திட்டுகிற மும்முரத்தில் முதலில் மேல்பகுதியை இழுத்தார். ஒரு தோட்டா கம்பளத்தில் விழுந்தது.

"பாத்தியா, காலி!" என்றார். அப்புறம்தான் மேகசினை உருவினார். அதற்குள் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறியிருந்தது. எங்கள் இருவருக்குமே அது உறைக்கவில்லை. விருந்தாளி அறைப் பக்கச் சுவரைப் பார்த்து விசையை அழுத்தினார்.

காது அடைத்துப்போனது. விருந்தாளி அறைக்கு ஓடினேன். வெஸ்லிக்காக நான் காலையில் தட்டிப் போட்ட தலையணை கிழிந்து, பஞ்சு விரிப்பெல்லாம் கிடந்தது. அதற்கு மேலே சுவரில் விரல் நுழையும் ஓட்டை.

"அடப் பாவி மனுஷா! புள்ள படுக்கற இடம்யா இது!" அவர் நெஞ்சிலேயே குத்தினேன். எனக்கு அழுகை அடங்கவில்லை. அவர் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அழுகை ஓய்ந்ததும் எனக்கு வேறு பயம் வந்தது. இதைப் பார்த்தால் கார்லீன் அப்படியே வண்டியைத் திருப்பிவிடுவாள். ஓட்டையின் மேல் காலண்டரை மாட்டினேன். தலையணையைக் குப்பையில் போட்டேன்.

சாயங்காலம் வந்தாள். வெஸ்லி அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"பூட்டியாச்சா அத்தான்?"

"எல்லாம் பூட்டியாச்சு, உள்ள வாடி" என்று நான் முந்திக்கொண்டேன்.

டெல்பர்ட் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளை நேராக அந்த அறைக்கு அழைத்துப் போய்க் காலண்டரைக் கழற்றினார். எதை முதலில் செய்தார், எதை மறந்தார், எல்லாவற்றையும் சொன்னார். கார்லீன் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கிளம்பறேன்னா கிளம்பு, உன் மேல தப்பே இல்ல" என்ற டெல்பர்ட், திறந்த பெட்டியை அவள் முன்னால் வைத்தார். காலியான துப்பாக்கி உள்ளே இருந்தது. "இருக்கறதா இருந்தா இதுக்கு நம்பரை நீயே போடு. எனக்குச் சொல்லாத."

கார்லீன் என் பக்கம் திரும்பினாள்.

"இவனைக் கொஞ்சம் புடி அக்கா" என்று வெஸ்லியை என் கையில் கொடுத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியின் முன் உட்கார்ந்தாள்.