நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்

அக்காவுக்கு ஆள் எடுக்கும் வேலை. அதனால் நேர்முகத் தேர்வு என்று வந்துவிட்டால் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கையைச் சமையலறை மேசைக்கு எதிரே உட்காரவைத்து, கைப்பேசியில் நேரம் பார்த்தபடி கேள்விகளால் குடைந்தெடுத்தாள். தங்கை ஒன்பது வருஷமாக ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவள். மறுநாள் பெரிய மருத்துவமனையில் தேர்வு. பழைய இடத்தில் இனி ஒரு மாதம்கூட அவளால் தாக்குப்பிடிக்க முடியாது; இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

“வேலையில நீங்க செஞ்ச ஒரு தப்பைச் சொல்லுங்க.”

“நேரங்காலம் பார்க்காம உழைப்பேன். அதான் என் தப்பு.”

“இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப் போச்சு. நிஜமா நடந்ததைச் சொல்லு. ரெண்டு நிமிஷம்.”

தங்கை மடமடவென்று கொட்டிவிட்டாள். ரத்தம் எடுத்த பிறகு, நோயாளியின் பக்கத்தில் நின்றே டியூபில் பெயர்ச்சீட்டு ஒட்டுவதுதான் முறை. காலையில் வரும் நோயாளிக் கூட்டத்துக்குப் பயந்து இவள் காலி டியூபிலேயே ஒட்டி வைத்துவிடுவாள். ஒரு நாள் இவள் ஒட்டி வைத்த டியூப்களில் ரத்தம் எடுத்தது, இவளோடு வேலை பார்த்த வாயாடி. அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவசரத்தில் இரண்டு பேருடைய டியூப் மாறிப்போனது. சர்க்கரையே இல்லாத ஒரு பெரியவருக்குச் இன்சுலின் ஊசி போட்டுவிட்டார்கள். மயங்கி விழுந்தவர் பிழைத்தது பெரும்பாடு.

“விசாரணையில, முன்னாடியே ஒட்டினது யாருன்னு கேட்டாங்க. அவதான்னு சொல்லிட்டேன்க்கா. என்னை நம்பினாங்க, அவளை வேலையைவிட்டு அனுப்பிட்டாங்க.”

“அடிப்பாவி” என்றாள் அக்கா. கைப்பேசியில் ஓடிய நேரத்தை நிறுத்தினாள். ஆனால் தொழில் புத்தி யாரை விட்டது?

“சரி, அவ வர்ற இடத்தை எடுத்துடு. நான் ஒட்டினேன், மாறிப்போச்சு, நானே போய் ஒத்துக்கிட்டேன், அன்னையிலிருந்து முறைப்படிதான் செய்றேன். இப்படிச் சொல்லு. தப்பை ஒத்துக்கிறவங்களை அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.”

தங்கை சொன்னாள். ஒன்றரை நிமிஷம். தப்பை ஒத்துக்கொண்ட இடத்தில் குரல்கூட லேசாகக் கம்மியது.

“பிரமாதம். ஒரு வார்த்தை மாத்த வேண்டாம்.”

விசாரணை நடந்த அன்றும் தங்கை இப்படித்தான், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, எங்கேயும் தடுமாறாமல் பேசியிருந்தாள்.