ஒரு புட்டி வினிகர்

மீனவர் சங்கத் தலைவர் குவாபரா, பாசியைக் காய்ச்சி ஊற்றி வைத்த கிண்ணத்தைச் சாய்த்தார். கிண்ணத்தோடு கட்டியாக ஒட்டி நிற்க வேண்டியது, வடிகஞ்சி மாதிரி மேசை மேல் ஓடியது.

"பாத்துக்குங்க, நம்ம பாறைப் பாசியோட லட்சணத்த," என்றார். "கடல் செத்துப்போச்சு. செத்த பாறையக் கட்டிக்கிட்டு அழுறதவிட, ஹோட்டல்காரன் படகுத்துறைக்குக் குடுத்துட்டா ஊராவது பிழைக்கும். நாளைக்கு எல்லாரும் கை தூக்கி முடிவு பண்ணிடலாம்."

கூடத்திலிருந்த ஆம்பளைகள் தலையை ஆட்டினார்கள். ஆட்ட மாட்டார்களா பின்னே? அந்தப் பாறையில் மூச்சடக்கி முங்கிச் செம்பாசி பறிப்பது அவர்களா என்ன? அவர்கள் வீட்டுப் பெண்கள். அந்தப் பெண்களுக்கெல்லாம் முன்னால் முங்குகிறவள் மட்சுயோ. பாறை உயிரோடுதான் இருக்கிறது, காய்ச்சிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டவளும் அவள், காய்ச்சினவளும் அவள். எழுந்து வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் தங்கை மகள் ரிட்சுகோ இருந்தாள். ஷிஜுவோக்கா நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பாசிப் பசையைப் பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. முன்னோர்களைக் கும்பிடும் ஓபோன் பண்டிகைக்கு வந்திருந்தாள். கூடத்தில் நடந்ததைக் கேட்டாள்.

"எப்படிக் காய்ச்சினீங்க பெரியம்மா?"

"எப்பவும் போலத்தான்."

"எப்பவும் போலன்னா எப்பவும் போல உறைஞ்சிருக்கணுமே."

மட்சுயோ அடுப்பைப் பார்த்தாள். "வினிகர் கொஞ்சம் கூடப் போச்சு."

"எவ்வளவு?"

"ஒரு புட்டி."

அந்தக் கரையில் எல்லா வீட்டிலும் பாசி கொதிக்கும்போது ஒரு கரண்டி வினிகர் விடுவார்கள். பாசி இளகிப் பசையை விடும். ஊரே பார்க்கப்போகிறது, கல்லு மாதிரி உறைய வேண்டும் என்ற வீம்பில் மட்சுயோ முழுப் புட்டியையும் கவிழ்த்து, விடியலில் ஏற்றின பானையை உச்சிவெயில் வரை இறக்கவில்லை. ஒரு கரண்டி நல்லது என்றால் ஒரு புட்டி எவ்வளவு நல்லது என்று கணக்குப் போட்டிருக்கிறாள், மகராசி.

ரிட்சுகோ சிரிக்கவில்லை. சுவரில் தொங்கின முங்குகயிற்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்குவார்களே, அந்தக் கயிறு.

"பாசிப் பசைங்கறது நீளமான சங்கிலி, பெரியம்மா. ரெண்டு வகைச் சர்க்கரை மாறி மாறிக் கை கோத்து நிக்குது. ஒண்ணு சாதா காலக்டோஸ். இன்னொண்ணும் அதோட உறவுதான், ஆனா அதோட மூணாவது கார்பனும் ஆறாவது கார்பனும் தமக்குள்ளேயே ஒரு பாலம் போட்டுக்கிட்டிருக்கு. கைய மடிச்சு வயித்தோட இறுக்கிக்கிட்ட மாதிரி. அந்த மடிப்பு இருக்கறதாலதான் சங்கிலி முறுக்கிக்குது. ரெண்டு ரெண்டா இப்படிப் பின்னிக்குது." கயிற்றின் புரிகளைக் காட்டினாள். "பின்னல் எல்லாம் சேந்து வலையாகுது, தண்ணி உள்ள மாட்டிக்குது. அதான் கட்டி."

"சரி, வினிகர்?"

"அந்த மடிச்ச சர்க்கரை பக்கத்துல இருக்கு பாருங்க முடிச்சு, அதுதான் புளிப்புக்கு முதல்ல அறும். அதுவும் கொதியில சீக்கிரம் அறும். நீங்க கயிற துண்டு துண்டா நறுக்கிட்டீங்க. நறுக்கின கயிறு எத இழுக்கும்?"

மட்சுயோ கயிற்றை வாங்கித் தடவினாள். "அப்ப கெட்டது கடல் இல்ல."

"இல்ல. உங்க கைதான்."

தேள் கொட்டின மாதிரி இருந்தது. அந்த ஊரில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் பாசி காய்ச்ச மட்சுயோவைத்தான் கூப்பிடுவார்கள். இதை வெளியே சொன்னால் குவாபரா அவளைச் சுடுகாடு வரை விடமாட்டார்.

"பானைல ஏதோ ஒட்டியிருந்துச்சுன்னு சொல்லிட்டு மறுபடி காய்ச்சுங்களேன்," என்றாள் ரிட்சுகோ மெதுவாக.

"சீ, போடி. பொய் சொல்லிக் காப்பாத்தின பாறைய அடுத்தவன் இன்னொரு பொய் சொல்லிப் பிடுங்கிக்குவான்."

மறுநாள் சங்கக் கூடத்துக்குள் முங்குகிற பெண்கள் அத்தனை பேரும் முங்கும்போது போடுகிற வெள்ளை உடுப்போடு நுழைந்தார்கள். அடுப்பும் பானையும் பாசி மூட்டையும் கூடவே வந்தன. மட்சுயோ நடுவில் நின்றாள்.

"நேத்து கெட்டது என் கையால. ஒரு கரண்டிக்குப் பதிலா ஒரு புட்டி வினிகர் விட்டேன். கடல் மேல பழி போடாதீங்க."

குவாபரா தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ம்பா. இவ தன் காலே கோணல்ங்கறா. இத்தன வருஷம் முங்கினவளுக்குப் பாசி காய்ச்சத் தெரியலையாம்ப்பா."

"தெரியலதான். சிரிச்சு முடிச்சுட்டீங்கன்னா நேத்து எடுத்த அதே மூட்டையிலேருந்து உங்க கையாலயே பாசி எடுத்துக் குடுங்க. இது உறையற வரைக்கும் இங்க ஒருத்தர் கையும் மேல போகக் கூடாது."

வாசலைப் பெண்கள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். புருஷன்மார் எங்கே எழுந்து போவார்கள்? ராத்திரி சோறு வேண்டாமா?

பாசி கொதித்தது. வினிகர் ஒரே கரண்டி. துணியில் வடிகட்டிக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள்.

"ஐஸ் கொண்டாரச் சொல்லட்டுமா?" என்றார் குவாபரா.

"எங்க பாசிக்கு ஐஸ் எதுக்கு? ஆறினாப் போதும்."

ஆறுகிற நேரம் முழுக்க மட்சுயோ கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை கடல் நிஜமாகவே செத்திருந்தால்? கடைசியில் கிண்ணத்தை எடுத்தாள். விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேரே குவாபராவின் பின்னால் போய், அவர் தலைக்கு மேலே அதைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

ஒரு சொட்டுகூட விழவில்லை.

"அசையாதீங்க தலைவரே. நீங்க அசைஞ்சா என் கை ஆடும்." பிறகு கூடத்தைப் பார்த்தாள். "பாறையக் குடுத்துடலாம்னு சொல்றவங்க இப்பக் கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. குவாபராவின் வலது கை லேசாகக் கிளம்பியது. அவர் மேலே பார்த்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மட்சுயோ கிண்ணத்தை இறக்கிக் கட்டியை அறுத்துத் தட்டில் போட்டாள். சோயாவும் கடுகும் சேர்த்தாள். வினிகர்ப் புட்டியைத் திறந்து தாராளமாக ஊற்றி, முதல் தட்டை அவரிடமே நீட்டினாள்.

"ஆறின பிறகு எவ்வளவு வேணும்னாலும் ஊத்திக்கலாம், தலைவரே. சாப்பிடுங்க."